குற்றாலத்துக் கடைக்காரருக்குத் தெரிஞ்ச கணக்கு நமக்கு ஏன் தெரியல?



போன வருஷம் ஜூலையில குடும்பத்தோட குற்றாலம் போயிருந்தேன். நல்ல சீசன். பேரருவியில ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி கொட்டுது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனா குளிக்கத் தடை. தண்ணி குறையற வரைக்கும் யாரையும் உள்ள விட மாட்டோம்னு போலீஸ் சொல்லிட்டாங்க. பிள்ளைங்க முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறாங்க.

வேற வழி இல்லாம பக்கத்துல இருந்த நேந்திரம் சிப்ஸ் கடையில ஒதுங்கினோம். கூட்டமே இல்ல. கடைக்கார அண்ணாச்சிகிட்ட, "இன்னைக்கு யாவாரம் படுத்துருச்சே அண்ணாச்சி"ன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "தண்ணி கூடுனாலும் யாவாரம் இல்ல, குறைஞ்சாலும் யாவாரம் இல்ல. நடுவுல கெடைக்குற நாள வெச்சுத்தான் பொழப்பு ஓடுது"ன்னார்.

ஜூன்ல சாரல் ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் சீசன். அதுலயும் மழை ஏமாத்தினா ஒரு மாசம் காலி. அப்புறம் ஐயப்ப சாமிங்க வர்ற கார்த்திகை, மார்கழியில கொஞ்சம் ஓடும். மிச்ச நாள் எல்லாம் ஈ ஓட்டணும். "2020, 2021 ரெண்டு சீசனும் கொரோனாவால அருவியைப் பூட்டிட்டாங்களே, என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டேன்.

"மொத வருஷம் கையில இருந்ததை வெச்சு ஓட்டினேன். ரெண்டாவது வருஷம் பாக்கெட் போட்டுக் கட்டிக்கிட்டு செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடின்னு கடை கடையா ஏறி எறங்கினேன். மொதல்ல ஒருத்தனும் வாங்கல. இப்ப சீசன் இல்லாத மாசத்துல அந்த லைன்தான் சோறு போடுது."

சிப்ஸை வாங்கிட்டுக் கிளம்பிட்டேன். ஆனா அவர் பேசினது மனசை விட்டுப் போகல. காரணம், அதே பரீட்சையில நான் ஃபெயில் ஆனவன்.

நமக்கு ஒண்ணாம் தேதி ஆனா சம்பளம் கிரெடிட் ஆகுது. ஜனவரிலயும் அதே தொகை, ஜூலையிலயும் அதே தொகை. அதனால நம்ம வருமானத்துக்கு சீசனே கிடையாதுன்னு நினைச்சுக்கறோம். எனக்கு அது இருக்குன்னு தெரிஞ்சப்போ வயசு 29. சென்னையில ஒரு கம்பெனியில ஆறு வருஷம் ஒரே ப்ராஜெக்ட். நல்லா வேலை பார்ப்பேன், லீவு எடுக்க மாட்டேன். வருஷா வருஷம் அப்ரைசல் வரும்போது "நம்மளைப் பார்த்து செய்வாங்க"ன்னு காத்துக்கிட்டிருப்பேன். ஒருநாள் கிளையன்ட் ப்ராஜெக்டை மூடிட்டாங்க. என்னை பெஞ்ச்ல உட்கார வெச்சாங்க. மூணு மாசத்துக்குள்ள உள்ளுக்குள்ளயே வேற ப்ராஜெக்ட் தேடிக்கணும், இல்லன்னா கிளம்பணும்.

அன்னைக்கு ராத்திரி ரெஸ்யூம் எழுத உட்கார்ந்தேன். ஆறு வருஷத்துக்கு ஒரு பக்கம்கூட வரல. நான் பார்த்த டூலோட பேரைத் தவிர எழுத ஒண்ணுமே இல்ல. என் மேனேஜர் என்னை வளர்த்து விடலன்னு ரொம்ப நாள் திட்டிக்கிட்டிருந்தேன். அவர் மேல தப்பே இல்லன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட "எனக்கு இந்த வேலையைக் கத்துக்கக் குடுங்க சார்"னு வாயைத் திறந்து நான் கேட்டதில்லையே? அதையும் அவர் கணக்குலயா எழுத முடியும்?

எஸ்ஐபியை விடப் பெரிய கணக்கு

இந்த சேனல் பார்க்கறவங்க அதிகமா கேக்கற கேள்வி, "அண்ணா, எந்த ஃபண்ட்ல போட்டா 1% கூட வரும்?" நல்ல கேள்விதான். ஆனா வாங்க, ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துடலாம்.

மாசம் 5,000 ரூபாய் எஸ்ஐபி, 10 வருஷம். வருஷத்துக்கு 12% வருமானம்னு வெச்சா கடைசியில சுமார் 11.6 லட்சம். 13%ன்னு வெச்சா சுமார் 12.3 லட்சம். வித்தியாசம் 72,000 ரூபாய்க்குப் பக்கம். பத்து வருஷம் கழிச்சு. அதுவும் சந்தை ஒத்துழைச்சாத்தான்.

இப்போ சம்பளத்துக்கு வாங்க. மாசம் 30,000 வாங்கற ஒருத்தருக்கு வருஷம் 8% ஹைக் வருது. பத்து ஹைக் முடிஞ்சதும் மாசம் சுமார் 64,800. இன்னொருத்தர் வேலையைக் கத்து, பொறுப்பை மாத்தி, தேவைப்பட்டா கம்பெனியையும் மாத்தி, சராசரியா 14% வாங்கறார்னு வைங்க. பத்து வருஷத்துல அவர் சம்பளம் சுமார் 1,11,200. மாசத்துக்கு 46,000 ரூபாய்க்கு மேல வித்தியாசம். அந்த ரெண்டாவது ஆள் ரெண்டே மாசத்துல எடுக்கற அதிகப்படி சம்பளம், முதல் ஆள் பத்து வருஷமா ஃபண்ட் தேடித் தேடி சம்பாதிச்ச அந்த 72,000-ஐத் தாண்டிடும்.

எஸ்ஐபி வேண்டாம்னு சொல்லல, தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க. இருபதுகள்ல இருக்கற நமக்கு ரொம்பப் பெரிய சொத்து அடுத்த 30 வருஷம் நாம வாங்கப் போற சம்பளம். அந்தச் சொத்தை மட்டும் முழுசா ஹெச்ஆர் கையில விட்டுட்டு, ஃபண்டுக்கு மட்டும் ஒன்பது வீடியோ பார்க்கறோம்.

இன்னொண்ணு. 8% ஹைக்ன்னா சந்தோஷமா இருக்கும். ரிசர்வ் வங்கி விலைவாசிக்கு வெச்சிருக்கற இலக்கே 4%, அதுல 2 கூடக் குறைய இருக்கலாம். அந்த 6% பக்கம் போற வருஷத்துல உங்க 8% ஹைக்ல நிஜமா மிஞ்சறது 2% சொச்சம்தான். "வருஷா வருஷம் சம்பளம் ஏறுது, ஆனா கையில ஒண்ணும் நிக்கல"ன்னு புலம்பறோமே, அதுக்கு ஒரு காரணம் இது.

மத்தளம்பாறையில நடந்தது

தென்காசின்னு சொன்னாலே இப்போ எல்லாருக்கும் ஸ்ரீதர் வேம்பு ஞாபகம் வந்துடும். கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், வேகமா சொல்லிடறேன். ஐஐடி மெட்ராஸ், அப்புறம் அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல பிஹெச்டி. 1996ல அட்வென்ட்நெட்ங்கற பேர்ல ஆரம்பிச்ச கம்பெனி 2009ல ஸோஹோன்னு பேர் மாறுச்சு. தென்காசியில அவங்க ஆபீஸ் வந்தது 2011ல. அப்போ இது தனி மாவட்டம்கூட இல்ல, திருநெல்வேலி மாவட்டம்தான். 2019 நவம்பர்லதான் தென்காசி மாவட்டம் ஆச்சு. கிட்டத்தட்ட அதே சமயத்துல வேம்புவும் அமெரிக்காவுல இருந்து கிளம்பி மத்தளம்பாறைக்கே குடிவந்துட்டார். 2021ல பத்மஸ்ரீ. 2025 ஜனவரியில சிஇஓ பதவியை விட்டுட்டு, சீஃப் சயின்டிஸ்ட்டா ஆராய்ச்சிப் பக்கம் போயிட்டார்.

எல்லாரும் இந்தக் கதையில வேட்டியையும் சைக்கிளையும்தான் பேசறாங்க. எனக்கு முக்கியமாப் படறது அவங்க நடத்தற ஸோஹோ ஸ்கூல்ஸ். 2005ல ஆரம்பிச்சது. பன்னிரண்டாவதோ டிப்ளமோவோ முடிச்ச பசங்களை, மார்க் ஷீட்டைப் பெருசா எடுத்துக்காம, டெஸ்ட் வெச்சு, நேர்ல பேசிப் பார்த்து எடுக்கறாங்க. ஃபீஸ் கிடையாது, படிக்கும்போதே மாசாமாசம் உதவித்தொகை வேற. தென்காசியிலயும் அதுக்குக் கேம்பஸ் இருக்கு. பிஹெச்டி வாங்கின ஒருத்தர் ஆரம்பிச்ச கம்பெனி, "டிகிரி இல்லன்னாலும் வா, வேலையைக் கத்துக்கோ"ன்னு கதவைத் திறக்குது. இது சின்ன விஷயம் இல்ல.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். இதைப் பார்த்துட்டு "டிகிரியே வேஸ்ட் ப்ரோ"ன்னு ரீல்ஸ் போடறவங்களை நம்பாதீங்க. அந்தக் கதவுக்குள்ள போக டெஸ்ட்ல தேறணும். உள்ள போனதும் கத்துக்கற வேகம் வேணும். நாளைக்கு வேற கம்பெனிக்குப் போகணும்னா இன்னமும் பல இடத்துல அப்ளிகேஷன் ஃபார்ம்லயே டிகிரி கேக்கறாங்க. அதனால டிகிரி இல்லாதவர் தன்னோட வேலைக்கான சாட்சியை, அதாவது செஞ்ச ப்ராஜெக்ட், எழுதின கோட், தீர்த்த பிரச்சனை, இதையெல்லாம் இன்னும் கவனமா சேர்த்து வெச்சுக்கணும்.

அதோட, மத்தளம்பாறைக்கு ஆபீஸ் வந்தது அந்த ஊர்ப் பசங்க யாரும் மன உறுதியோட உழைச்சதால இல்ல. யாரோ ஒருத்தர் எடுத்த முடிவு. வாய்ப்பு வர்றது பல நேரம் நம்ம கையில இல்ல, அதை ஒத்துக்கணும். நம்ம தலைமுறைக்கு "எல்லாம் உன் கையில"ன்னு சொல்லியே சலிப்பாக்கிட்டாங்க. அப்பாவோட கடனைக் கட்டறவங்க இருக்காங்க. ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வீட்ல விடாத பெண்கள் இருக்காங்க. இங்கிலீஷ் பேச வராதுன்னு மூணு ரவுண்டு தாண்டி நாலாவது ரவுண்டுல கழிச்சுக் கட்டினவங்க இருக்காங்க. இவங்ககிட்ட போய் "மைண்ட்செட்டை மாத்து"ன்னு சொல்றது அநியாயம். சரி, அப்போ கையில இருக்கறது எது? அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பதிவு.

இலஞ்சித் தம்பி

அந்த ஜூலைப் பயணத்துலதான் சொந்தக்காரத் தம்பி ஒருத்தனைப் பார்த்தேன். இலஞ்சியில வீடு, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல. வயசு 27, பி.காம். சென்னை கம்பெனி ஒண்ணுக்கு வீட்ல இருந்தே அக்கவுண்ட்ஸ் வேலை. கைக்கு வர்றது 28,000. பார்டர்ல பரோட்டா சாப்பிட்டுக்கிட்டே கேட்டான்: "அண்ணே, கூடப் படிச்ச பய சென்னையில 40,000 வாங்குதான். நான் இங்கயே கெடந்து வீணாப் போறேனோ?"

அங்கயே பில்லுக்குப் பின்னாடி கணக்குப் போட்டோம். சென்னை ஃப்ரெண்டுக்கு ஷேரிங் வாடகை 9,000, சாப்பாடு 7,000, ஆபீஸ் போய் வர 2,500, ஊருக்கு வந்து போக, விசேஷம், வைத்தியம்னு 4,000, மிச்ச செலவு 6,000. ஆக 28,500. மிச்சம் 11,500. தம்பிக்கு வீட்டுக்குக் குடுக்கறது 8,000, பெட்ரோல் 2,000, மிச்ச செலவு 5,000. ஆக 15,000. மிச்சம் 13,000. பார்த்தா இலஞ்சிக்காரன் 1,500 ரூபாய் முன்னாடி நிக்கறான்!

அவன் முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. நான் விடல. "சரி, அந்த 13,000 எங்க?"ன்னு கேட்டேன்.

பைக் ஈஎம்ஐ 5,200. ஃபோன் ஈஎம்ஐ 2,800. மிச்சம் எங்க போச்சுன்னு அவனுக்கே தெரியல. இது பரவாயில்ல, இதை ஒரு வருஷத்துல சரி பண்ணிடலாம். சென்னைப் பையன் தினமும் ட்ராஃபிக்ல ரெண்டு மணி நேரம் தொலைக்கறான், மாசம் 22 நாளுக்கு 44 மணி நேரம். இவனுக்கு அந்த 44 மணி நேரமும் இலவசமாக் கிடைக்குது. நாலு வருஷமா கிடைச்சிருக்கு. அதுல என்ன பண்ணினேன்னு கேட்டா அதுக்கும் பதில் இல்ல. நாலு வருஷமா மாசாமாசம் 11ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1, 20ம் தேதிக்குள்ள 3பி. அதே வேலை, அதே எக்ஸெல், அதே ஃபார்மட். நாலு வருஷ அனுபவம்னு ரெஸ்யூம்ல இருக்கும், நிஜத்துல ஒரு வருஷ அனுபவம் நாலு தடவை திரும்பி வந்திருக்கு.

சொந்த ஊர் வேலையில இந்த ஆபத்து இருக்கு. வீட்டுச் சாப்பாடு, சாயங்காலம் ஆனா சாரல் காத்து, மாசம் பொறந்தா சம்பளம். எங்கயும் வலிக்காது. சென்னையிலயோ பெங்களூருலயோ நாலு கம்பெனி மாறினவங்களைப் பார்த்துப் பார்த்தாவது ஒரு பயம் வரும். ஊர்ல அந்தப் பயத்தை யாரும் ஊட்ட மாட்டாங்க. வேலை போனா ரோட்டைத் தாண்டி அடுத்த ஆபீஸ்ல ஏறிக்கவும் முடியாது. ஊர்ல இருக்கறது தப்பில்ல, நானே திரும்பி வரணும்னு ஆசைப்படறவன். ஆனா ஊர்ல இருந்து வேலை பார்க்கறவங்க, சென்னையில இருக்கறவங்களை விட ஒரு படி கூடுதலா தன்னைத் தயாரா வெச்சுக்கணும்.

அவன்கிட்ட சொன்னது

பெரிய திட்டம் எதுவும் சொல்லல. முதல்ல ஒரு நோட்டு போடச் சொன்னேன். மாசக் கடைசியில மூணே வரி. இந்த மாசம் புதுசா என்ன செஞ்சேன், அதனால எந்த நம்பர் மாறுச்சு, யாருக்கு வேலை மிச்சமாச்சு. சிப்ஸ் கடை அண்ணாச்சிக்கு எந்த ஊர்க் கடைக்கு எத்தனை பாக்கெட் போச்சுன்னு நோட்டு இருக்கு. நம்ம வேலைக்கு நம்மகிட்ட ஒரு நோட்டு கிடையாது. அப்ரைசல் அன்னைக்கு மேனேஜருக்கு நம்ம பத்தி ஞாபகம் இருக்கறது கடைசி ரெண்டு மாசம், அதுலயும் நாம சொதப்பினது. அவருக்குப் பத்து பேர், பாவம். அதனால அந்த நோட்டுல இருந்து ஒரு பக்கம் எழுதி, அப்ரைசலுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அனுப்பிடணும். ரேட்டிங் போட்டு முடிச்ச பிறகு கண்ணீர் விட்டுப் பிரயோஜனம் இல்ல.

முதல் மாசம் ஃபோன் பண்ணினான். "அண்ணே, எழுத ஒண்ணுமே இல்ல." அதைத்தான் எதிர்பார்த்தேன். அவன் வேலையில எது அதிக நேரத்தைத் தின்னுதுன்னு கேட்டேன். ஜிஎஸ்டிஆர்-2பியையும் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் ஒப்பிட்டுப் பார்க்கறது. ஒவ்வொரு இன்வாய்ஸா கண்ணால பார்த்து டிக் அடிப்பான், மாசம் மூணு நாள் அதுக்கே. எக்ஸெல்ல பவர் க்வெரின்னு ஒண்ணு இருக்கு, கத்துக்கோன்னேன். யூடியூப்லயே இலவசமா இருக்கு. ஆறு வாரம் தடுமாறினான். இன்வாய்ஸ் நம்பர்ல சப்ளையர் ஒரு மாதிரி, இவங்க ஒரு மாதிரி எழுதி வெச்சிருந்ததால பாதி மேட்ச்சே ஆகல. அதைச் சுத்தம் பண்ணப் பண்ணத்தான் அவனுக்கு வேலையே புரிஞ்சுதுன்னு சொன்னான். செப்டம்பர் மாச நோட்டுல முதல் தடவையா ஒரு நம்பர் வந்துச்சு: 2பி ஒப்பீடு, மூணு நாள்ல இருந்து அரை நாள்.

பணத்துலயும் ஒரு சின்ன மாற்றம். கைக்கு வர்றதுல 5% கத்துக்கறதுக்குன்னு தனி அக்கவுண்ட். 28,000ல 1,400. வருஷத்துக்கு 16,800. இது அவசர நிதியில சேராது, எஸ்ஐபியிலயும் சேராது. புத்தகம், பரீட்சைக் கட்டணம், கொஞ்சம் நல்ல ஹெட்செட், எதுக்கு வேணும்னாலும் எடுக்கலாம், ஆனா வருஷக் கடைசியில அது மீதி இருந்தா அவமானம்! முதல் செலவே 40,000 ரூபாய் ஆன்லைன் கோர்ஸா இருக்கக் கூடாதுன்னும் சொன்னேன். "வேலை கேரண்டி"ன்னு விளம்பரம் பண்ணி, லோன் போட்டு ஃபீஸ் வாங்கற இடங்கள்ல மாட்டிக்கிட்டவங்க மெயில் எனக்கு வாரம் ஒண்ணாவது வருது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தற என்பிடெல்ல பாடம் இலவசம், சர்ட்டிஃபிகேட் வேணும்னு பரீட்சை எழுதினா மட்டும் கட்டணம். முதல்ல இலவசமானதுல ஒண்ணை முழுசா முடிச்சுக் காட்டுங்க. முடிக்கற பழக்கம் வந்த பிறகு காசு குடுத்துச் சேரலாம்.

பாதியில விடாம இருக்க ஒரு வழி இருக்கு, கூட்டாளி. குற்றாலத்துல கடைசிக் காலம் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. வக்கீலுக்குப் படிச்சவர், ஆனா இன்னைக்கு அவரை நினைக்கறது தமிழுக்காக. திருநெல்வேலி வீட்டுல நண்பர்களைக் கூட்டி வெச்சு கம்பனைப் படிச்சுப் பேசுவார், அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டின்னு பேர். அவர் காலத்துல இலக்கியத்துக்கு நடந்த மாதிரி, இப்போ தம்பியும் அவன் கூட்டாளிங்க மூணு பேரும் மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்றாங்க. ஒருத்தன் பேங்க்ல இருக்கான், ஒருத்தி டெஸ்டிங்ல இருக்கா, இன்னொருத்தன் இன்சூரன்ஸ். அந்த மாச மூணு வரியை ஒவ்வொருத்தரும் வாசிக்கணும். "ஒண்ணும் எழுதல"ன்னு சொல்றவங்கதான் அன்னைக்கு டீ, வடை செலவு. இதுக்கு எந்த ஆப்பும் தேவைப்படல.

அவசர நிதி கதைதான் கஷ்டமா இருந்துச்சு. மாசச் செலவு 15,000, ஈஎம்ஐ 8,000, ஆறு மாசத்துக்கு 1,38,000 வேணும். பார்த்தவுடனே மலைச்சுட்டான். ஃபோன் ஈஎம்ஐ முடிஞ்ச அன்னைக்கே அந்த 2,800-ஐ அப்படியே ஆர்டிக்குத் திருப்பச் சொன்னேன். இன்னும் பாதிகூட சேரல, பரவாயில்ல. நான் பெஞ்ச்ல இருந்தப்போ என்கிட்ட இருந்தது ஒன்றரை மாசச் செலவு. அதனாலதான் முதல்ல கிடைச்ச வேலைக்கே, 10% சம்பளம் குறைச்சலா, தலையாட்டினேன். கையில ஆறு மாசம் இருந்திருந்தா "யோசிச்சுச் சொல்றேன்"னு சொல்லியிருப்பேன். பேரம் பேசற தைரியம் பாதி பேங்க் பேலன்ஸ்லதான் இருக்கு.

ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ் வேலையோட போயிடும், அதனால சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி எடுங்க, இது நம்ம சேனல்ல நூறு தடவை சொன்னதுதான். பிஎஃப் மட்டும் ஒரு வார்த்தை. உங்க சம்பளத்துல பிடிச்ச தொகையையும் கம்பெனி பங்கையும் அடுத்த மாசம் 15ம் தேதிக்குள்ள கட்டணும். கட்டினாங்களான்னு பாஸ்புக்கைத் திறந்து பார்த்திருக்கீங்களா? தம்பி நாலு வருஷத்துல ஒரு தடவைகூடப் பார்க்கல, அவன் வேலையே அக்கவுண்ட்ஸ்! நல்லவேளை, எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. வேலை மாறும்போது அந்தப் பணத்தை எடுத்துச் செலவழிக்காம புது கம்பெனிக்கு மாத்திக்கோங்க. தொடர்ந்து 5 வருஷ சர்வீஸ் ஆகறதுக்கு முன்னாடி எடுத்தா வரியும் உண்டு.

அப்புறம் என்ன ஆச்சு?

ஏப்ரல் அப்ரைசலுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினான். மேனேஜர் பாராட்டினார். ஹைக் எவ்வளவு தெரியுமா? 9%. போன வருஷத்தை விட ஒரே ஒரு சதவீதம் கூட. எனக்கே சங்கடமா போச்சு. "பட்ஜெட் அவ்வளவுதான்பா"ன்னாராம். அது உண்மையாவும் இருக்கலாம். நாம என்னதான் செஞ்சாலும் கம்பெனி பட்ஜெட் நம்ம கையில இல்ல.

ஆனா அந்த ஒரு பக்கம் அவன்கிட்டயே இருந்துச்சு. அதையே ரெஸ்யூமா மாத்தி ஆறு இடத்துக்கு அனுப்பினான். நாலு இடத்துல பதிலே இல்ல. ஒரு இடத்துல இன்டர்வியூ வரைக்கும் போய் இங்கிலீஷ்ல தடுமாறிட்டு வந்தான். ஆறாவது இடத்துல, "2பி ஒப்பீட்டை எப்படிப் பண்ணீங்க, ஸ்க்ரீன் ஷேர் பண்ணிக் காட்டுங்க"ன்னு கேட்டாங்களாம். முக்கால் மணி நேரம் அதைப் பத்தியே பேசியிருக்கான். நாலு வருஷத்துல ஒரு நாள்கூட தன் வேலையைப் பத்தி இவ்வளவு நேரம் பேசினதில்லன்னு சொன்னான்.

கோயம்புத்தூர்ல வேலை, 38,000. ஆனா ஆபீஸுக்கு வரணும். வாடகை, சாப்பாடு எல்லாம் போட்டா கையில நிக்கறது இலஞ்சியில நிக்கறதை விடக் குறைவாக்கூட இருக்கலாம். அப்பாவுக்கு முட்டி வலி, வண்டி ஓட்ட முடியல, எங்க போறதுன்னாலும் இவன்தான் கூட்டிட்டுப் போகணும். அதே சமயம் புது இடத்துல ஆடிட், டேக்ஸ் ரெண்டும் கத்துக்கலாம், சிஎம்ஏ இன்டர் எழுத லீவும் தர்றேன்னு சொல்றாங்க.

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃபோன் பண்ணினான். தென்காசி ஸ்டேஷன்ல ஃப்ரெண்டைப் பொதிகையில ஏத்தி விட வந்திருக்கான், பின்னாடி ரயில் சத்தம் கேக்குது. "அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?"

"ரெண்டு பக்கமும் எழுதி அனுப்பு, வாசிக்கறேன். முடிவை நீதான் சொல்லணும்"ன்னேன்.

"இப்பவே பழைய ஆபீஸ்ல ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டுமா? வேற வேலை குடுங்கன்னு?"

"கேளு. இதுவரைக்கும் கேட்டிருக்கியா?"

கொஞ்ச நேரம் பதிலே வரல. அப்புறம், "இல்லண்ணே. நாளைக்குக் காலையில பேசுதேன்"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டான்.